முடிவில்லாத ஆட்டம்

கம்ப்யூட்டர் விளையாட்டு என்றாலே பொழுதைக் கொல்கிற சமாசாரம் என்று ஒதுக்கிவைத்திருந்தேன். 'டெட்ரிஸ்' அந்த அபிப்பிராயத்தை மாற்றிவிட்டது.

1984-ல் மாஸ்கோவில், சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கம்ப்யூட்டர் நிலையத்தில் அலெக்ஸி பஜித்னோவ் இதை உண்டாக்கினார். அவரிடம் இருந்த யந்திரத்துக்குப் படம் போடத் தெரியாது. எழுத்துக்களை மட்டுமே காட்டும். அடைப்புக்குறிகளைச் சேர்த்துச் சேர்த்தே கட்டங்களைக் காட்டினார். நாலு நாலு கட்டங்களாலான ஏழு உருவங்கள், சரக்கு அவ்வளவுதான். கதை இல்லை, வீரன் இல்லை. வர்ணத்தையும் சத்தத்தையும் வாரி இறைக்கிறவர்கள் இந்தச் சிக்கனத்தைப் பார்த்து வெட்கப்படலாம்.

ஆனால் அசல் ஆட்டத்தில் ஜெயிப்பது என்பதே கிடையாது. எத்தனை கெட்டிக்காரனும் கடைசியில் தோற்றே ஆகவேண்டும். முடிவில்லாத ஒன்றைக் கலை என்று எப்படி ஒப்புவது? கதை எழுதுகிறவனுக்கு இது உறுத்தத்தான் செய்கிறது.

2023 டிசம்பரில் பதின்மூன்று வயது அமெரிக்கச் சிறுவன் ஒருவன் நின்டெண்டோவின் பழைய பதிப்பை ஆடிக்கொண்டே போனான். ஒரு கட்டத்தில் திரை அப்படியே உறைந்துவிட்டது. ஆட்டத்தை ஜெயித்துவிட்டான் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நின்றுபோனது யந்திரம், ஆட்டம் முடியவில்லை.

தோற்போம் என்று தெரிந்தே மனிதர்கள் மறுபடியும் ஆட உட்காருகிறார்கள். இந்த ஆட்டத்தின் விஷயமே அதுதான். அதைச் சொல்ல முடிவு ஒன்று தேவைப்படவில்லை போலும்.