நடன ஆசிரியருக்காக யார் பேசுகிறார்கள்?

கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு ஆலயத்தில் விழாக்காலங்களில் சலங்கை கட்டி ஆடும் பிள்ளைகளை உன்னித்துப் பார்த்தால், அவர்களுடைய ஆசிரியர் எந்த வழியில் வந்தவர் என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஒரு பிள்ளையின் அரைமண்டியிலும் நீட்டிய கையிலும் கலாக்ஷேத்ராவின் நேர்கோடு தெரியும். இன்னொரு பிள்ளையிடம் வழுவூர்ப் பாணியின் குழைவு இருக்கும். வேறொரு பிள்ளை அடவுகளின் பெயரையும் தாளத்தையும் கேட்டவுடன் ஒப்புவிக்கும். அந்தப் பிள்ளையின் ரீச்சர் பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ படித்தவராக இருப்பார். 1994இல் கும்பாபிஷேகம் கண்ட இந்தக் கோயில், ஈழத்தவரும் தமிழகத்தவரும் சேர்ந்து கும்பிடும் இடம். இரு நாட்டு நடனக் கல்வியும் ஒரே மேடையில் அடுத்தடுத்து ஏறுவதைத் தென்கிழக்கு மெல்பேர்னில் இங்கே பார்க்கலாம்.

மேடையில் அடுத்தடுத்து நிற்கும் இந்த ஆசிரியர்கள் தொழில் பற்றி ஒருவரோடொருவர் பேசுவது குறைவு. மண்டப வாடகை, காப்புறுதி, பிள்ளையின் முழங்கால் வலி, பரீட்சைச் சான்றிதழுக்குள்ள மதிப்பு ஆகியவை எல்லோருக்கும் பொதுவான கவலைகள். ஆனாலும் ஒவ்வொருவரும் தனியாகவே அவற்றைச் சுமக்கிறார்கள். இதற்குக் காரணம் மனக்கசப்பு என்று நான் நினைக்கவில்லை. தொழிலுக்காகக் குரல் எழுப்புவது எப்படி என்பதை இலங்கையும் இந்தியாவும் தம் ஆசிரியர்களுக்கு வெவ்வேறு விதமாகப் பழக்கியிருக்கின்றன.

இலங்கையில் பரதம் பள்ளிக்கூடப் பாடம். தரம் 6 முதல் 9 வரை அழகியற் பாடங்களுள் ஒன்றாக அதைப் படிக்கலாம். சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் எடுக்கலாம். எழுத்துப் பரீட்சை ஒருபுறம், பரீட்சகர் முன்னால் ஆடிக் காட்டும் செயன்முறைப் பரீட்சை இன்னொருபுறம். இந்த ஓர் ஏற்பாட்டிலிருந்தே மற்றவை கிளைத்தன. பாடம் என்றால் பாடத்திட்டம் வேண்டும். மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் அதை எழுத வேண்டும். ஆசிரியருக்கு வழிகாட்டிக் கைநூலும், வலயத்தில் ஓர் ஆசிரிய ஆலோசகரும் வேண்டும். தமிழ்த் தினப் போட்டிக்கு நடுவர்கள் வேண்டும். இப்படியாக நடன ஆசிரியை, கணித ஆசிரியையைப் போலவே நியமனக் கடிதமும் சம்பளப் படியும் இடமாற்றமும் ஓய்வூதியமும் உள்ள அரச ஊழியர் ஆகிவிட்டார்.

இடமாற்றம் என்பதைச் சிறிய விடயமாக எண்ணக்கூடாது. நெல்லியடியில் படிப்பித்தவர் அடுத்த வருடம் கிளிநொச்சிக்குப் போகலாம். அவருடைய இடத்துக்கு வருபவர், அவர் விட்ட இடத்திலிருந்தே தொடர வேண்டும். பாணி எதுவானாலும் அடவுத் தொகுதி, தாளக் கணக்கு, முத்திரை விளக்கம் எல்லாம் எழுத்தில் ஒழுங்குபட்டிருந்தால்தான் அது நடக்கும். இலங்கைப் பிள்ளைகள் கோட்பாட்டில் உறுதியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

பள்ளிக்கூடத்துக்கு வெளியே, 1931இல் தொடங்கிய வட இலங்கைச் சங்கீத சபை இதே ஒழுங்கை வேறு வழியில் நிலைநாட்டியது. தரம் தரமாகப் பரீட்சை எழுதி, ஆசிரியர் தரத்தில் சித்தியடைந்தால் ‘கலாவித்தகர்’. பட்டத்தைக் கேட்டவுடனேயே அவர் என்ன படித்திருப்பார் என்பது யாழ்ப்பாணத்தில் எந்தத் தாய்க்கும் தெரியும். தகுதியை ஊர் அறியும்படி செய்வதுதான் ஒரு தொழிலுக்காகப் பேசுவதில் முதல் வேலை. அதை இந்தச் சபை பல தலைமுறைகளாகச் செய்து வந்திருக்கிறது. பின்னர் 1960இல் மருதனார்மடத்தில் இராமநாதன் இசைக் கல்லூரி வந்தது. தமிழகத்து மகாராஜபுரம் சந்தானம் அங்கே அதிபராக இருந்தவர். அக்கல்லூரி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, இசைக்கும் நடனத்துக்கும் பட்டம் தரும் நிறுவனமாக வளர்ந்தது. கிழக்கில் அந்த வேலையைச் சுவாமி விபுலானந்தர் பெயரிலுள்ள அழகியற் கற்கைகள் நிறுவகம் செய்கிறது.

2021 ஜூலையில் இலங்கை ஆசிரியர்கள், இருபது வருடங்களுக்கு மேலாகத் தீராத சம்பள முரண்பாட்டுக்காக இணையவழிக் கற்பித்தலை நிறுத்தினார்கள். போராட்டம் ஒக்டோபர் வரை நீண்டது. அந்தப் போராட்டத்தில் நடன ஆசிரியருக்கென்று தனிக் கோரிக்கை எதுவும் தேவைப்படவில்லை. இலங்கை ஆசிரியர் சங்கம், இலங்கைத் தமிழர் ஆசிரியர் சங்கம் போன்ற தொழிற்சங்கங்கள் கேட்டது எல்லா ஆசிரியர்களுக்குமான சம்பளம். சலங்கையோடு வகுப்புக்குப் போகிறவரும் அதில் அடங்கினார். இலங்கை வழியின் பெரும் பலம் இதுதான்: நடன ஆசிரியர் தனித்து நிற்பதில்லை.

பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அரசாங்கம் வேலை தராவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. 2017இல் வடக்கிலும் கிழக்கிலும் வேலையற்ற பட்டதாரிகள் வீதியோரக் கொட்டகைகளில் மாதக்கணக்கில் இருந்தபோது நுண்கலை படித்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள். நான்கு வருடம் ஆடியும் பாடியும் படித்த ஒருவரின் எதிர்காலம் ஓர் அமைச்சின் கையெழுத்தில் தொங்குவது கொடுமை. மேடையும் அங்கே குறைவு. புள்ளிக்காக நடனம் படித்த பிள்ளை, பரீட்சை முடிந்ததும் சலங்கையைக் கழற்றிவைத்துவிடுவதைப் பல வீடுகளில் காணலாம். முழுநேரக் கலைஞராக வாழ விரும்புபவருக்கு இலங்கையின் ஏற்பாடு அதிகம் உதவுவதில்லை.

இந்தியாவில் வரலாறு வேறு இடத்தில் தொடங்குகிறது. 1920களின் இறுதியில், கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை நிறுத்த முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டசபையில் முயன்றார். அப்போது பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட பெண்கள் சங்கமாகத் திரண்டு அரசுக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். தங்களைக் கலையில் வளர்ந்தவர்களாகக் கருத வேண்டும், தங்கள் பெண்களுக்குக் கல்வி வேண்டும் என்பது அதன் சாரம். தென்னிந்தியாவில் ஆட்டத்தையும் பாட்டையும் தொழிலாகக் கொண்டவர்கள் தங்களுக்காகத் தாங்களே ஒன்றுகூடிப் பேசியதில் மிக முக்கியமான நிகழ்வு இதுவே என்பேன். அந்தக் குரல் எடுபடவில்லை. 1932இன் கடைசியில் முத்துலட்சுமி ரெட்டிக்கும் நடனத்தை ஆதரித்த இ. கிருஷ்ணய்யருக்கும் இடையே பத்திரிகைகளில் விவாதம் நடந்தது. தொடர்ந்து மியூசிக் அகாடமி நடனத்துக்கு ஆதரவாகத் தீர்மானம் எடுத்தது. ஆட்டம் பிழைத்தது. ஆனால் அந்த விவாதத்தை நடத்தியவர்கள் ஒரு மருத்துவரும் ஒரு வக்கீலும். தலைமுறை தலைமுறையாக ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்த குடும்பங்கள் ஓரமாகவே நின்றன. 1947இல் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியபோது நட்டுவனார்கள் ஏற்கெனவே புதிய வீடுகளின் கதவைத் தட்டத் தொடங்கியிருந்தார்கள்.

பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, வழுவூர் இராமையா பிள்ளை போன்ற மேதைகளைத் தேடி மாணவர்கள் வந்தது அவர்களுடைய பெயருக்காக. அவர்கள் பின்னால் சங்கமோ பாடத்திட்டமோ இருக்கவில்லை. பெரும்பாலான இந்திய நடன ஆசிரியர்களின் நிலை இன்றும் அதுதான். குருவின் பெயர், சபா வாய்ப்பு, மார்கழிக் கச்சேரி, பத்திரிகை விமரிசனம், பட்டம் என்ற வரிசையில்தான் மதிப்பு ஏறுகிறது. தூர்தர்ஷன் தரம் பிரிப்பது ஆடுபவரை. வெளிநாட்டுக்கு அனுப்ப இந்தியக் கலாசார உறவுக் கழகம் பட்டியலிடுவதும் ஆடுபவரைத்தான். அவர் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார் என்று எவரும் பார்ப்பதில்லை.

பரீட்சைகள் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் அரசு இசைப்பள்ளிகள் உண்டு, இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம் உண்டு. கர்நாடகத்தில் வித்வத் தேர்வு. மும்பைப் பக்கம் காந்தர்வ மகாவித்யாலய மண்டலத்தின் விசாரத். மாநிலத்துக்கு மாநிலம் அவை வேறுபடுவதால், ஒன்றின் எடையை மற்றொன்றோடு ஒப்பிடுவது கடினம்.

ஆனாலும் இந்திய வழியில் எனக்குப் பெரும் மரியாதை உண்டு. ருக்மிணி தேவி 1936இல் தொடங்கிய கலாக்ஷேத்ரா, அரசாங்கத்தின் உத்தரவுக்குக் காத்திராமல் ஆசிரியர்களை உருவாக்கியது. நாடாளுமன்றம் அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக ஏற்றுச் சட்டம் இயற்றியது 1993இல். சென்னையிலுள்ள ‘அபாய்’ எனப்படும் பரதநாட்டியக் கலைஞர் சங்கம், மூத்த குருமாரின் உருப்படிகளை இளையவர்களுக்குக் கற்பிக்கும் பட்டறைகளை நடத்துகிறது. தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் கலைமாமணி விருதோடு நலிந்த கலைஞர்களுக்கு உதவித்தொகையும் கொடுக்கிறது. கலையின் ஆழத்தை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோகும் தொடர்பு வலை இந்தியாவில் உயிரோடிருக்கிறது. இலங்கையின் கைநூல்கள் அதற்கு ஈடாகமாட்டா.

தனிமனிதப் பெயரை நம்பி நிற்கும் ஏற்பாட்டில் குரு தவறினால் மாணவர் யாரிடம் போவது என்ற கேள்விக்கு மட்டும் அங்கே நல்ல பதில் இல்லை. 2023 மார்ச்சில் கலாக்ஷேத்ரா மாணவிகள் பாலியல் தொல்லைக் குற்றச்சாட்டுகளை முன்வைத்துப் போராட்டத்தில் அமர்ந்தார்கள். மாநில மகளிர் ஆணையம் வந்தது; ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. நடன ஆசிரியர்களுக்கென்று அவர்களே எழுதி ஏற்றுக்கொண்ட ஒழுக்கக் கோவை ஒன்று நாடு முழுவதற்கும் இருந்திருந்தால், அந்தப் பிள்ளைகள் தரையில் அமர வேண்டிய நிலை வந்திருக்குமா? குருபக்தி பெரிது. பிள்ளையின் பாதுகாப்பு அதைவிடப் பெரிது என்று சொல்ல ஆசிரியர்களே முன்வர வேண்டும்.

இந்த இரண்டு பழக்கங்களும் விமானம் ஏறி மெல்பேர்னுக்கு வந்திருக்கின்றன. இலங்கை ஆசிரியை இங்கேயும் பரீட்சையைத் தேடுகிறார். லண்டனில் புலம்பெயர்ந்தோர் தொடங்கிய பரீட்சைச் சபைகள் வரை அந்தத் தேடல் நீள்கிறது. இந்திய ஆசிரியை டிசம்பரில் மாணவியைச் சென்னைக்கு அழைத்துப்போய்ச் சபாவில் ஏற்றுகிறார். அரங்கேற்றத்துக்குப் பக்கவாத்தியக் கலைஞர்களை இருவரும் வரவழைக்கிறார்கள். இங்கே இலங்கை ஆசிரியைக்குப் பின்னால் கல்வி அமைச்சும் இல்லை, தொழிற்சங்கமும் இல்லை. இந்திய ஆசிரியைக்கு மயிலாப்பூரில் இருக்கும் பெயர் இங்கே நகரசபை அலுவலகத்தில் செல்லாது. இருவரும் சனி, ஞாயிறுகளில் மணிக்கணக்கில் மண்டபம் வாடகைக்கு எடுக்கும் சிறு தொழில் நடத்துபவர்கள். பலருக்கு வாரநாளில் வேறு வேலை.

நடன ஆசிரியர்கள் ஒன்றுகூடிக் குரல் எழுப்புவதற்கு அவுஸ்திரேலியாவில் ஒரு முன்மாதிரி உண்டு. அதன் வேர் மெல்பேர்னிலேயே இருக்கிறது. ரஸ்டன் கல்லூரியில் 1970களின் நடுவில் நடனத்துக்கான பட்டப்படிப்பைத் தொடங்கிய ஷேர்லி மக்கெக்னியும் அவரைப் போன்றவர்களும் சேர்ந்து 1977இல் நடனக் கல்விக்கான தேசியச் சங்கத்தை அமைத்தார்கள். அதுவே பின்னாளில் ஆஸ்டான்ஸ். 1990இல் ‘சேஃப் டான்ஸ்’ என்ற பெயரில் நடனக் கலைஞர்களின் காயங்களை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. ஓவியம், இசை, நாடகம் ஆகியவற்றின் ஆசிரியர் சங்கங்களோடு கூட்டுச் சேர்ந்து நடனத்துக்காக வாதாடியது. இன்று அவுஸ்திரேலியத் தேசியப் பாடத்திட்டத்தில் ஐந்து கலைப் பாடங்களுள் நடனமும் ஒன்று. நம் ஆசிரியர்களுக்கு இதில் நேரடிப் பாடம் இருக்கிறது. தட்டடவை சிமெந்துத் தரையில் மணிக்கணக்கில் அடிக்கும் பத்து வயதுப் பிள்ளையின் முழங்காலைப் பற்றி நம்மில் யார் அறிக்கை எழுதினார்கள்?

நம்மவர்களாலும் முடியும் என்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. மோகினியாட்டக் கலைஞர் தாரா ராஜ்குமார் 1979இல் லண்டனில் இந்திய நடனத்துக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். ‘அகாடமி’ என்ற பெயரில் அது இன்றும் அங்கே பள்ளிக்கூடங்களோடும் அரசு நிதி நிறுவனங்களோடும் இந்திய நடனத்துக்காகப் பேசிக்கொண்டிருக்கிறது. 1980களில் அவர் குடியேறியது மெல்பேர்னில். ‘நாட்டிய சுதா’ என்ற அவருடைய பள்ளி இந்த நகரத்தில்தான் வளர்ந்தது. அதே நகரத்தில் சந்திரபானு, ‘பாரதம்’ நடனக் குழுவை அவுஸ்திரேலியத் தொழில்முறை மேடைக்குக் கொண்டுபோனார். அனுபவம் இங்கே இருக்கிறது. கூடுவதுதான் மீதி.

கூடினால் முதலில் எதைப் பேசுவது? என்னைக் கேட்டால், பிள்ளைகளின் பாதுகாப்பை. விக்டோரியாவில் சிறுவர் பாதுகாப்பு நியமங்கள் 2022 ஜூலையிலிருந்து பதினொன்று. அவற்றை ஒவ்வொரு ஆசிரியரும் தனியாக மல்லாடி விளங்கிக்கொள்வதைவிட, தமிழில் ஒரே கோவையாக எழுதி எல்லோரும் கையொப்பமிடுவது நல்லது. அடுத்தது தரை. கேரம் டவுன்ஸ் இருக்கும் பிராங்க்ஸ்டன் நகரசபையிடமும் அயல் நகரசபைகளிடமும் மரத்தரையுள்ள மண்டபத்தை நியாயமான வாடகைக்குக் கேட்பதென்றால், ஓர் ஆசிரியையின் மின்னஞ்சலைவிட முப்பது ஆசிரியர்களின் கடிதத்துக்குப் பலன் அதிகம். மூன்றாவதாகப் பரீட்சை. கடல் கடந்து சான்றிதழ் தேடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. அதோடு, இங்குள்ள பள்ளிக்கூடங்களும் பல்கலைக்கழகங்களும் வாசித்து விளங்கக்கூடிய ஒரு பொதுப் பாடத்திட்டத்தை நாமே எழுதலாம். கோட்பாட்டுக்கும் படிநிலைக்கும் வட இலங்கைச் சங்கீத சபையின் ஒழுங்கை எடுத்துக்கொள்ளலாம். உருப்படிக்கும் அபிநயத்துக்கும் தஞ்சாவூர், பந்தநல்லூர், வழுவூர், கலாக்ஷேத்ரா வழிகளிலிருந்து பிள்ளை படித்த பாணியை அப்படியே ஏற்கலாம். பரீட்சகர் இருவர் அமரட்டும்: ஒருவர் மருதனார்மடத்து வழியில் வந்தவர், மற்றவர் திருவான்மியூர்க் கலாக்ஷேத்ரா வழியில் வந்தவர். புள்ளியை இருவரும் கலந்து பேசி இடட்டும். அந்தப் பேச்சைத் தொடங்கக் கோயில் மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் போதும்.