பெயர் யாருக்கு உரியது? ஃபயர்ஃபாக்ஸ் – ஐஸ்வீசல் பெயர்ச்சிக்கல்: ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

திறமூல மென்பொருளின் நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். அதன் பெயரும் இலச்சினையும் அவ்வாறு பகிரப்படுவதில்லை. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் பெயர் குறித்து 2006இல் மொசில்லாவுக்கும் டெபியன் திட்டத்துக்கும் இடையே எழுந்த சிக்கலைக் கொண்டு இம்முரணை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: திறமூலம், பெயரிடல், இலச்சினை, வணிகக்குறி, பதிப்புரிமை

முன்னுரை

பெயர்களை இடுகுறி, காரணம் எனப் பகுப்பது நன்னூல் மரபு. இப்பகுப்பு பெயருக்கும் பொருளுக்கும் உள்ள உறவை விளக்குகிறது. இட்ட பெயரை ஆளும் உரிமை யாருடையது என்பது வேறு வினா. பலர் கூடி எழுதி, எவரும் மாற்றிக்கொள்ளத்தக்க மென்பொருளில் அவ்வினா தவிர்க்க இயலாததாகிறது.

மூன்று பெயர்களும் ஓர் இலச்சினையும்

இவ்வுலாவி 2002இல் பீனிக்ஸ் என்ற பெயரில் வெளிவந்தது. பீனிக்ஸ் டெக்னாலஜீஸ் நிறுவனத்தின் வணிகக்குறியோடு முரண்பட்டமையால் 2003இல் ஃபயர்பேர்ட் ஆயிற்று. அப்பெயரில் ஏற்கெனவே ஒரு திறமூலத் தரவுத்தளத் திட்டம் இயங்கிவந்தது. அதன் பங்களிப்பாளர்கள் எதிர்த்தனர். 2004 பிப்ரவரியில் ஃபயர்ஃபாக்ஸ் என்ற பெயர் நிலைபெற்றது. அது சிவப்புப் பாண்டாவுக்கும் வழங்கும் பெயர். ஆயினும் ஜான் ஹிக்ஸ் உருவாக்கிய இலச்சினை, உலக உருண்டையைத் தழுவிய நெருப்பு நரியையே காட்டியது. சொல்லின் பொருளைப் படமே உறுதிசெய்தது எனலாம். பெயரையும் இலச்சினையையும் பிரித்தல் ஆகாது என்று மொசில்லா பின்னர் கொண்ட நிலைப்பாட்டை இப்பின்னணியில் வைத்தே மதிப்பிட வேண்டும்.

சிக்கலின் தோற்றம்

நிரலைப் போன்றே படங்களும் கட்டற்ற உரிமம் பெற்றிருத்தல் வேண்டும் என்பது டெபியனின் நெறி. ஃபயர்ஃபாக்ஸ் இலச்சினையின் பதிப்புரிமை அவ்வாறு அமையவில்லை. எனவே டெபியன் இலச்சினையை நீக்கி, பெயரை மட்டும் வைத்து உலாவியை வழங்கியது. 2006இல் மொசில்லா இதனை ஏற்க மறுத்தது. இலச்சினையின்றிப் பெயரைப் பயன்படுத்தலாகாது என்றும், நிரலில் செய்யும் மாற்றங்களுக்குத் தன் ஒப்புதல் தேவை என்றும் அது கூறியது. நிலையான பதிப்பில் பழைய நிரலையே நெடுங்காலம் பேணி, பாதுகாப்புத் திருத்தங்களைத் தானே சேர்ப்பது டெபியனின் பணிமுறை. அதற்கு இவ்விதி பொருந்தவில்லை. உலாவி ஐஸ்வீசல் எனப் பெயர் மாற்றப்பட்டது. 2007இல் வெளிவந்த டெபியன் 4.0 அப்பெயரையே தாங்கியது.

மதிப்பீடு

இம்மாற்றத்தைக் கட்டற்ற கொள்கையின் வெற்றியாக மட்டும் கொள்வது போதாது. ஐஸ்வீசல் என்ற பெயரில் நெருப்புக்கு மாற்றாகப் பனிக்கட்டியும், நரிக்கு மாற்றாக வீசல் என்னும் சிறு ஊனுண்ணியும் நிற்கின்றன. எந்தப் பெயரைத் துறந்ததோ அதனையே சார்ந்து இப்பெயர் பொருள்படுகிறது. ஃபயர்ஃபாக்ஸை அறிந்தவருக்கு இது காரணப்பெயர்; அறியாதவருக்கு வெறும் இடுகுறி. தாம் அறிந்த உலாவியைத் தேடிய புதிய பயனருக்கு, அது தம் கணினியிலேயே இருந்தும் புலப்படாமற் போகக்கூடும். உரிமம் நிரலை விடுவித்தது. அந்நிரல் ஈட்டிய அறிமுகம் பெயரோடு தங்கிவிட்டது.

டெபியன் பெயர்க்காப்பை முற்றிலும் மறுத்ததாகவும் கருதலாகாது. டெபியன் என்ற பெயரும் பதிவுபெற்ற வணிகக்குறியே. மாற்றப்பட்ட படைப்பு வேறு பெயர் தாங்க வேண்டும் என உரிமம் கோரலாம் என்பதை அதன் நெறிமுறைகளின் நான்காம் பிரிவு ஏற்கிறது. மாற்றியவரின் பிழை மூலத் திட்டத்தின் மேல் ஏறும் என்ற மொசில்லாவின் அச்சமும் நியாயமானதே. படத்தைப் படியெடுக்கும் உரிமையையும் அடையாளத்தைக் காக்கும் உரிமையையும் ஒன்றாகப் பிணைத்ததிலும், பெயர்க்காப்பு நிரலைத் திருத்தும் உரிமையின் மேல் அதிகாரமாக விரிந்ததிலுமே சிக்கலின் வேர் உள்ளது.

2016இல் கிட்டிய தீர்வு இதனை மெய்ப்பிக்கிறது. இலச்சினையின் பதிப்புரிமை அதற்குள் கட்டற்றதாகியிருந்தது; வணிகக்குறி உரிமை மொசில்லாவிடமே இருந்தது. டெபியனின் மாற்றங்கள் உலாவியின் தரத்தைப் பாதிக்கவில்லை என மொசில்லா தரப்பும் ஏற்றது. ஃபயர்ஃபாக்ஸ் என்ற பெயர் டெபியனுக்குத் திரும்பியது.

முடிவுரை

பெயரைத் துறந்து விலகும் உரிமை திறமூலத்தின் இறுதிக் காப்பு. அதனைப் பயன்படுத்தும்போது நேரும் இழப்பில் ஒரு பங்கு பயனரைச் சேர்கிறது. ஆகவே ஒரு திட்டத்தின் கட்டற்ற தன்மையை மதிப்பிடுவோர், நிரலின் உரிமத்தோடு அதன் பெயருக்கும் இலச்சினைக்கும் வகுக்கப்பட்ட விதிகளையும் ஆராய்தல் வேண்டும். அவ்விதிகளைத் தனித்தனியே தொடக்கத்திலேயே வகுத்திருந்தால், பத்தாண்டு நீடித்த இப்பிரிவைப் பெரிதும் தவிர்த்திருக்கலாம்.