துணியில் எழுதிய ‘துணை’

பூத்தையலைப் பெண்டிரின் பொழுதுபோக்கு என ஒதுக்குவோர் நம்மிடையே பலர். புகார் நகரின் தொழில் வல்லாரோடு துன்னகாரரையும் சேர்த்து எண்ணியது சிலப்பதிகாரம். பிற்காலத்தார் அவரை மறந்தனர்.

அண்மையில் கோலசிலாங்கூர்த் தோட்டத்து லயமொன்றில் பழைய தலையணை உறை ஒன்றைக் கண்டேன். மூலையில் ரோசாப்பூ, நடுவே ‘முருகன் துணை’. பூவில் சிறப்பேதும் இல்லை. கடையில் விற்ற அச்சின்மேல் நூலை நிரப்பியதே அது. எழுத்துத்தான் கலை.

இழைகளை எண்ணித் தைப்பது ஒரு முறை. நீலகிரித் தோடர் மகளிர் துணியில் வரைந்துகொள்ளாமல், எண்ணியே கருப்பும் சிவப்புமாய்த் தைப்பர். அவ்வேலை 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. குறுக்குத் தையலும் எண்ணிக்கையில் நிற்பதே. இவற்றில் கோணம் எளிது. வளைவு படிபடியாய் உடையும். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் ஓரளவு அடங்கும். நம் ‘ணை’ அடங்குமா? அம்மாது எழுத்துக்குச் சங்கிலித் தையலை எடுத்துக்கொண்டார். ஓலையில் எழுத்தாணி சென்ற போக்கிலேயே ஊசியும் வளைந்திருக்கிறது. அதுவும் பழைய தும்பிக்கை ‘ணை’! 1978-இல் தமிழ்நாட்டு அரசின் எழுத்துச் சீர்திருத்தம் விலக்கிய வடிவம். சுழியொன்று சற்றுப் பெருத்துவிட்டது. அதனைக் குறையென்று சொல்ல மனம் வரவில்லை.

கல்வெட்டைப் படியெடுக்கும் நாம் இத்தகைய துணிகளைப் படமாகவேனும் எடுத்து வைத்தோமா? வீட்டுக்கார அம்மையாரைக் கேட்டேன். “மாமியார் தைச்சது ஐயா. கிழிஞ்சு போச்சு, தரை தொடைக்க எடுத்து வெச்சிருந்தேன்” என்றார்.