பகிர்வு என்னும் சொல்

'பகிர்வுப் பொருளாதாரம்' என்ற தொடர் இன்று வணிக ஏடுகளிலே பெரிதும் அடிபடுகின்றது. அதன் உட்பொருளை அறிய விரும்புவோர் இரண்டு ஆங்கில நூல்களை அடுத்தடுத்துப் படித்தல் நன்று. ரேச்சல் பொட்ஸ்மன், ரூ றொஜர்ஸ் ஆகிய இருவரும் 2010இல் வெளியிட்ட நூலின் தலைப்பை 'என்னுடையது உன்னுடையதே' எனத் தமிழாக்கலாம். 2015இல் ரொம் ஸ்லீ அத்தலைப்பையே தலைகீழாக்கி, 'உன்னுடையது என்னுடையதே' எனத் தம் மறுப்பு நூலுக்குப் பெயர் சூட்டினார்.

முதல் நூலின் நோக்கம் தீயதன்று. சுவரில் துளையிடும் கருவியை வீட்டுக்கொன்றாக வாங்கிப் பூட்டிவைப்பது வீண் என்பதை யார் மறுப்பர்? அயல்வீட்டு ஏணியை இரவல் வாங்கிப் பழகிய நமக்கு இது புதுமையுமன்று. ஆனால், பகிர்வை நடத்தும் சாதனம் யாருடைய உடைமை என்னும் வினாவுக்கு அந்நூலில் உரிய அழுத்தம் இல்லை. அது போற்றிய ஸிப்கார் என்னும் கூட்டுப்பாவனை வாகனக் கொம்பனியை, 2013இல், ஏவிஸ் என்னும் பழைய வாடகை வாகன நிறுவனம் ஏறத்தாழ 50 கோடி டொலருக்கு வாங்கிவிட்டது!

ஸ்லீ இவ்விடத்திற் கூர்மையானவர். எயார் பி.என்.பி.யின் தரவுகளைத் தாமே திரட்டி, மிஞ்சிய அறையை விருந்தினர்க்களிக்கும் வீட்டுக்காரர் என்ற விளம்பரச் சித்திரத்தின் பின்னே, பல வீடுகளை வைத்து வணிகம் புரிவோர் நிற்பதைக் காட்டுகிறார். எண்களைப் பேசவிடும் அந்நடை நம் விமர்சகர் பலரும் பயிலத்தக்கது.

ஆயினும், பழைய தொழில்களுக்கு நேர்ந்த அழிவின் முழு அளவு பின்னரே வெளிப்பட்டது. நியூயோர்க்கில் 1937 முதல் வாடகைக்கார் உரிமங்களின் தொகை வரையறுக்கப்பட்டிருந்தது. 2014இல் ஓர் உரிமத்தின் விலை 10 இலட்சம் டொலரைத் தாண்டிற்று. கடன்பட்டு அதனை வாங்கியோரிற் பலர் இந்தியா, பங்களாதேசம், ஹெயிட்டி முதலிய நாடுகளிலிருந்து குடியேறிய சாரதிகள். ஊபர் பெருகியதும் விலை சரிந்தது, கடன் சரியவில்லை. 2018இல் சாரதிகள் சிலர் தற்கொலை செய்துகொண்டனர்.

பழி முழுவதையும் ஊபரின் தலையிற் சுமத்துவதற்கும் நாம் உடன்படோம். விலையை ஊதிப் பெருக்கிய கடன்கொடுப்போரும், உரிமங்களை ஏலமிட்டு வருமானம் தேடிய நகர நிர்வாகமும் முன்னரே வலை விரித்திருந்தனர். பழைய முதலாளிக்காகக் கண்ணீர் வடிப்பது முற்போக்காகாது. கடனாளியான சாரதியோ முதலாளியுமல்லன்.

2021 ஒக்டோபரில் அச்சாரதிகள் நகர மண்டபத்தின் முன் உண்ணாவிரதமிருந்தனர். பதினைந்தாம் நாள், மீள ஒழுங்குசெய்யப்படும் கடனில் 1,70,000 டொலர் வரைக்கும் நகரமே பிணை நிற்கும் என்ற உடன்பாடு கிட்டிற்று. அதே ஆண்டு பெப்ரவரியில், பிரித்தானிய அதியுயர் நீதிமன்றம், ஊபரின் சாரதிகள் தொழிலாளருக்குரிய உரிமைகள் உடையவரே எனத் தீர்ப்பளித்தது. அவர்களைப் 'பங்காளர்' என்றே கொம்பனி அழைத்து வந்தது. வழக்காடியவர்கள் கேட்டதோ இலாபத்தில் பங்கன்று. ஆகக் குறைந்த கூலியும், சம்பளத்துடனான விடுமுறையுமே.