கடைதிறப்பும் கூழடுதலும்

வீடியோ விளையாட்டுக்களில் வரும் கொலையையும் காமத்தையும் பற்றி நம்மவர் கொண்டுள்ள மனப்பான்மையை ஆராயப் புகுவார்க்கு முதற்கண் புலனாவது, அவர் கையிலுள்ள துலாக்கோல் இருவேறு படிகளை உடையது என்பதே. கண்டி நகரிலும் அதனைச் சூழ்ந்த தோட்டப்புறங்களிலும் கைத்தொலைபேசியில் பப்ஜி ஆடும் மாணவரைக் காண்பது அரிதன்று. மகன் ஒரு மாலைப்பொழுதில் பதினைவரைச் சுட்டு வீழ்த்தினான் எனின், படிப்புக் கெடுகின்றதே என்று தந்தையார் வருந்துவர், அவ்வளவே. அதே திரையில் ஆடை குறைந்த பெண்ணுரு ஒன்று தோன்றிற்றாயின் வீடே அல்லோலகல்லோலப்படும். முன்னதில் அவர் காண்பது நேரக்கேடு. பின்னதில் காண்பது ஒழுக்கக்கேடு.

இந்நோக்கு நமக்கு மட்டும் உரியதன்று. 2004இல் வெளிவந்த 'கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ: சான் அன்ட்றியாஸ்' என்னும் விளையாட்டில் வழிப்போக்கரைக் கொல்லலாம், விலைமகளைக் கூடியபின் அவளைக் கொன்று கொடுத்த பணத்தை மீளப் பறிக்கவுஞ் செய்யலாம். இத்தனைக்கும் அமெரிக்கத் தரப்படுத்தற் சபை 17 வயதினர்க்கு ஏற்றது என்றே முத்திரையிட்டிருந்தது. அடுத்த ஆண்டில், அதனுள் மறைந்து கிடந்த ஒரு காட்சியைச் சிலர் வெளிக்கொணர்ந்தனர். காதலி தன் இல்லத்திற்கு விரும்பி அழைக்க, இருவரும் கூடும் காட்சி அது. உடனே முத்திரை 18 வயதினர்க்குரியதாக மாற்றப்பட்டது. பெருங்கடைகள் அதனை விற்பனையினின்றும் அகற்றின. கொலையுண்ட விலைமகள் எழுப்பாத கூக்குரலை இசைந்து வந்த காதலி எழுப்பிவிட்டாள்!

2011இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம், வன்முறை விளையாட்டுக்களைச் சிறுவர்க்கு விற்றலைத் தடுத்த கலிபோர்ணியாச் சட்டம் செல்லாது எனத் தீர்த்தது. ஆபாசப் படங்களைச் சிறுவர்க்கு விற்றலைத் தடுக்கலாம் என்ற 1968ஆம் ஆண்டுத் தீர்ப்போ நிலைத்து நின்றது. மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதியரசர் பிரையர், ஆடையற்ற பெண்ணின் படத்தை 13 வயதுச் சிறுவனுக்கு விற்றல் குற்றமாக, அப்பெண்ணைக் கட்டி வதைத்துக் கொல்லும் விளையாட்டை விற்றல் உரிமையாவது எங்ஙனம் என வினவினார். விடை இன்னும் வந்தபாடில்லை.

இனி நம் இலக்கியத்திற்கு வருவோம். செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி ஒரே நூலில் இரண்டையும் கொண்டது. கடைதிறப்பு மகளிரின் ஊடலையும் கூடலையும் வெளிப்படையாகப் பாடுகின்றது. களம் பாடியதில் பேய்கள் பிணங்களின் பல்லை அரிசியாகக் குற்றிக் கூழடுகின்றன. வகுப்பறையில் நம் ஆசிரியர் பலர் முன்னதை விரைந்து கடந்து, பின்னதை உரத்த குரலிற் சுவைபட விரிப்பர். பரதரின் நாட்டிய சாத்திரமோ போரையும் மரணத்தையும் மேடையிற் காட்டலாகாது என்றது. முத்தத்தையும் தழுவலையும் அவ்வாறே விலக்கிற்று. அவ்விதி நமக்கு இறுக்கமாகத் தோன்றலாம். ஆயினும் அதன் துலாக்கோல் ஒன்றே.

என் கருத்தில், பொருளை நோக்கி விலக்குவதினும் அது கையாளப்படும் முறையை நோக்குவதே திறனாய்வு. கடைதிறப்பிற் பெண் கதவடைத்திருக்கின்றாள். திறக்குமாறு புலவர் இரந்து நிற்கின்றார். திறவாதிருக்கவும் அவளுக்கு இயலும். களத்திலோ கொழுநனின் உடலைத் தேடி மனைவியர் அலைகின்றனர். பரணியும் தோற்றார் பெயராலேயே வழங்குகின்றது. வென்றாரைப் புகழவெழுந்த நூலே எனினும், வீழ்ந்தவனுக்கு ஒரு மனையும் மனைவியும் உண்டென்பதை அது மறக்கவில்லை. கந்தபுராணத்திற் சூரன் சேவலும் மயிலுமாகி இறைவனைச் சேர்கின்றான். கோயில் வீதியிற் சூரன்போர் காணும் சிறுவனும் அதனை அறிவான்.

பப்ஜியில் வீழ்ந்தவன் யாதாகின்றான்? ஒரு பெட்டியாகின்றான். 100 பேர் இறங்கும் தீவில், மாண்டவன் இருந்த இடத்தில் அவன் உடைமைகள் அடங்கிய பெட்டி மட்டும் கிடக்கும். கொன்றவன் அதனைத் திறந்து தோட்டாவும் மருந்தும் எடுத்துக்கொண்டு ஓடுவான். தேடி வருவார் எவருமிலர். மேலும், பரணியைக் கற்பவன் காண்பவனே. இங்கு ஆடுபவனே செய்பவன்.

இவ்விளையாட்டுக்களே கொலைஞரை ஆக்குகின்றன என்பாரோடு யான் உடன்படேன். அமெரிக்க உளவியற் சங்கம் 2015இல் அவற்றுக்கும் முரட்டு நடத்தைக்கும் தொடர்புண்டு என்றது. கொடுங்குற்றங்களுக்கு அவையே காரணம் எனற்குச் சான்று போதாது என்றும் கூறிற்று. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம் மக்களின் இல்லங்களும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தமைக்கு விளையாட்டைக் காரணங் காட்டுதல் உண்மைக் காரணரைத் தப்பவிடுதலாகும். ஆயினும் அப்புகையைக் கண்ட ஊரிலே, வீழ்ந்தவனைப் பெட்டியாகக் காணும் பயிற்சியைக் குறித்து ஒரு சொல்லேனும் கூறாது, பெண்ணின் உடையளவை மட்டும் அளந்துகொண்டிருத்தல் எனக்கு ஒவ்வாதது.

அரசுகள் தலையிட்டவிடத்தும் வண்ணப்பூச்சே நிகழ்ந்தது. இந்தியா 2020 செப்டெம்பரில் பப்ஜியைத் தடைசெய்தது. காரணம் நாட்டின் பாதுகாப்பு, குருதியன்று. 2021இல் வேறு பெயரோடு மீண்டபோது குருதி பச்சை நிறமாயிற்று. 'கொல்' என்பது 'முடி' என்றாயிற்று. 2019இல் சீனத்தில் வெளிவந்த வடிவத்திலோ சுடப்பட்டவன் குருதி சிந்துவதில்லை. மண்டியிட்டு, தன் பெட்டியைத் தானே சுட்டவனிடம் நீட்டி, கையசைத்து விடைபெற்று மறைகின்றான்.