ஒரு டம்ளர் மாவு எத்தனை கிராம்?

சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் மளிகை எல்லாமே எடைக்கணக்கு. உளுந்து ஒரு கிலோ, வெல்லம் அரைக் கிலோ, அரிசி ஐந்து கிலோ மூட்டை. வாங்கிவந்து அடுக்குமாடி வீட்டின் அடுப்படியில் வைத்ததும் கணக்கு மாறிவிடுகிறது. நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து! இந்த இரண்டு கணக்குக்கும் பாலம் போடத்தான் சமையல் பழகுகிறவர்கள் அளவு மாற்றும் பட்டியலைத் தேடுகிறார்கள். அதில் பல நேரம் முதல் வரியே தப்பு: ‘ஒரு கப் = 250 கிராம்.’

250 என்பது கப்பின் கொள்ளளவு, மில்லிலிட்டரில். தண்ணீருக்கு மட்டுமே அந்த எண் கிராமாகவும் பொருந்தும். கோதுமை மாவைச் சலித்து, கரண்டியால் கப்பில் தூவி, மேலே வழித்துவிட்டு நிறுத்தால் 125 கிராமுக்குப் பக்கத்தில் நிற்கும். அதே கப்பை மாவுப் பைக்குள் அழுத்தி அள்ளினால் 150ஐத் தொட்டுவிடும். கப் ஒன்று, மாவு ஒன்று, அள்ளிய கைதான் வேறு. போதாததற்குக் கப்பும் ஒன்றல்ல: அமெரிக்கக் கப் 237 மில்லி, சோறாக்கும் மின்பானையோடு வரும் கப் 180 மில்லி. ஆஸ்திரேலியச் சமையல் புத்தகத்தின் மேசைக்கரண்டிகூட 20 மில்லி. மற்ற இடங்களில் 15.

ஆகவே தராசே சரி என்று சொல்லிவிடலாமா? அதிரசம் அதற்கு இடம் தராது. ஊறிய பச்சரிசியை நிழலில் உலர்த்தி, ஈரம் முழுதும் போகுமுன் இடித்துச் சலித்த மாவில் செய்வது அது. அந்த மாவை நிறுத்தால் ஈரமும் சேர்ந்தே எடையில் ஏறும். அரிசியை ஊறப்போடுவதற்கு முன்பே நிறுத்துக் குறிப்பதுதான் முறை. வெல்லத்துக்கோ தராசை விட்டால் வேறு வழியில்லை. உடைத்த வெல்லம் டம்ளரில் இடைவெளி விட்டு நிற்கும், பொடித்தது அமுங்கிக்கொள்ளும். பாகு மிஞ்சினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகும். தீபாவளிக்கு முந்தைய இரவில் அப்படிப் பிரிந்த அதிரசத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு 50 கிராம் வெல்லத்தின் அருமை.

உப்பும் அப்படியே. ஒரு கரண்டி தூள் உப்பும் ஒரு கரண்டி கல் உப்பும் ஒரே எடை அல்ல. ஊறுகாய் போடுகிறவர் நிறுத்துப் போடுவதே நல்லது. கடுகு, பெருங்காயம், ஏலக்காய்க்கு இந்த மாற்றம் வீண்வேலை. ஒரு கிராம் துல்லியமுள்ள வீட்டுத் தராசு ஒரு சிட்டிகையைக் கண்டுகொள்ளாது.

இட்லிக்கும் தராசு அவசரமில்லை. நாலுக்கு ஒன்று என்பது விகிதம். ஒரே பாத்திரத்தால் அளந்தால் போதும், ஆழாக்கானாலும் காப்பிக் குவளையானாலும் கணக்கு பிசகாது. கடல் கடந்து வந்த குடும்பங்களில் இட்லி மாறாமல் நின்றதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அளவுகள் மாறுவது சிங்கப்பூருக்குப் புதிதல்ல. சுமார் 605 கிராம் கொண்ட ‘கட்டி’ என்ற எடையும், அரிசி அளந்த ‘காந்தாங்’ படியும் 1970களில் மெட்ரிக் முறைக்கு வழிவிட்டன. அளவு பார்க்காமல் கண்மதிப்பில் சமைப்பதை மலாய் மொழியில் ‘அகாக்-அகாக்’ என்பார்கள், நம் கைப்பதம் போல. அப்படிக் கைப்பதமாக இருந்த பெரனாக்கான் சமையலை, சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் யூவின் தாயார் 1974இல் புத்தகமாக்கினார். 2003இல் அதை அவரது பேத்தி ஷெர்மே லீ புதுப்பித்து வெளியிட்டார். கைப்பதத்தை எழுத்தில் வைக்க முடியும் என்பதற்கு இதுவே சான்று.

தமிழ் வீடுகளிலும் அது நடக்கவேண்டும், பொதுப் பட்டியலை நம்பாமல். பாட்டியின் டம்ளர் இன்னும் வீட்டில் இருந்தால், அம்மாவையே அதில் அள்ளச் சொல்லுங்கள். அரிசி, உளுந்து, மாவு, வெல்லம் என்று தனித்தனியே தராசில் கொட்டி எழுதிவையுங்கள். அந்த எண்கள் வேறு எந்தப் பட்டியலிலும் கிடைக்காது.