சிவகங்கைச் சீமை: அடைக்கலத்தின் விலை

சிவகங்கைச் சீமை, 1959ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த தமிழ் வரலாற்றுத் திரைப்படம். காரைக்குடி வட்டாரத்தின் சிறுகூடல்பட்டியில் பிறந்த கவிஞர் கண்ணதாசன் இதனைத் தயாரித்தார். கதை, உரையாடல், பாடல்களும் அவருடையவை. இயக்கம் கே. சங்கர், இசை விசுவநாதன் - ராமமூர்த்தி. எஸ். எஸ். ராஜேந்திரன், குமாரி கமலா, எஸ். வரலட்சுமி ஆகியோர் நடித்தனர்.

வரலாற்றுப் பின்னணி

1801 மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தபின், கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை மருது சகோதரர்களிடம் அடைக்கலம் புகுந்தார். அவரை ஒப்படைக்க மருதுபாண்டியர் மறுத்தனர். கர்னல் அக்னியூவின் படை சீமைக்குள் நுழைந்தது. சிறுவயல் தீக்கிரையானது. அங்கிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை அமைக்க ஏறத்தாழ ஒரு மாதம் முயன்ற கும்பினிப் படை, அம்முயற்சியைக் கைவிட்டு வேறு வழியாகத் தாக்கியது. அக்டோபரில் காளையார்கோவில் வீழ்ந்தது. அக்டோபர் 24 அன்று, சிங்கம்புணரியை அடுத்த திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர். சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி உட்பட எழுபதுக்கும் மேற்பட்டோர் 1802இல் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டனர்.

மதிப்பீடு

அதே மாதத்தில் வெளிவந்த வீரபாண்டிய கட்டபொம்மன் வண்ணப்படம். சிவாஜி கணேசனின் முழக்கம் அதன் உயிர். கறுப்பு வெள்ளையில் வந்த சிவகங்கைச் சீமை வசூலில் பின்தங்கியது. ஆனால் இப்படம் வேறொன்றைச் செய்கிறது: போரை வீட்டுக்குள் கொண்டு வருகிறது. முத்தழகு என்னும் கற்பனைப் பாத்திரத்தின் காதல் வழியாக, அரண்மனை முடிவு எளிய குடும்பத்தைத் தொடுவதைக் காட்டுகிறது. எஸ். வரலட்சுமியும் டி. எஸ். பகவதியும் பாடிய தாலாட்டில் போர்க்காலத்தின் ஏக்கம் உரையாடல்களைவிட ஆழமாகப் பதிகிறது. அடுக்குமொழி வசனம் ஓங்கும் இடங்களில் பாத்திரங்கள் மறைந்து மேடை தெரிகிறது; அது படத்தின் குறை.

போர்க்காலக் குடிமக்களைப் பற்றிய ஹாலிவுட் படமான ஜான் ஃபோர்டின் 'டிரம்ஸ் அலாங் த மொஹாக்' (1939) இங்கே ஒப்பிடத்தக்கது. அமெரிக்க விடுதலைப் போரின்போது எல்லைப்புறத்தில் குடியேறிய ஓர் இளம் தம்பதியின் கதை அது. வீடு எரிகிறது; மக்கள் கோட்டைக்குள் ஒதுங்குகிறார்கள்; இறுதியில் புதிய நாட்டின் கொடி ஏறுகிறது. அங்கே காடு, பகைவர் வரும் திசை. சிவகங்கை வரலாற்றிலோ காடு மக்களின் அரண்; அதை வெட்ட வந்தவரே அந்நியர். ஃபோர்டின் குடும்பத்துக்கு எரிந்த நிலத்தில் மீண்டும் உழ வாய்ப்புக் கிடைக்கிறது. சிவகங்கையில் எஞ்சியவை தூக்குமரமும் கப்பலும்.

வந்தவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்ற அறத்துக்காகச் சீமையே அழிந்தது. அந்த அறத்தைப் படம் பெருமிதத்தோடு போற்றுகிறது. ஆனால் அதன் விலையைக் கொடுத்த உழுகுடிகளிடம் யாராவது கேட்டார்களா என்ற வினாவை அழுத்தமாக எழுப்பவில்லை. எனினும் அந்தத் தாலாட்டைக் கேட்கும் பார்வையாளருக்கு அவ்வினா தானே எழுகிறது. மருது சகோதரர்களின் கதையைத் தமிழ்த் திரைக்குக் கொண்டுவந்த முயற்சி என்பதோடு, இந்தக் காரணத்துக்காகவும் இப்படம் இன்றும் பார்க்கத் தக்கது.